இளவரசன் உடையில் நான் போட்ட தையல்

அன்புள்ள குமாருக்கு,

போன செவ்வாய்க்கிழமை டோ கின் கடைக்கு வந்திருந்தார். அவரை உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். மேசையில் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு கிடந்தது. ஒன்றை உருவிப் பிரித்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர், பின்பக்கத்தில் பர்மிய எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தார். மணமகன் பெயர், மணமகள் பெயர், கோயில், முகூர்த்தம். பிறகு மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாப்பிள்ளைச் சட்டையும் நீங்கதான் தைக்கிறீங்களா, சயாஜி?"

இருபது வருடமாக அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். பெரிய வாத்தியார் என்று அர்த்தம். ஊசி பிடித்தவனுக்கெல்லாம் இந்த ஊரில் கிடைக்கும் மரியாதை. ஆமாம், நான்தான் என்றேன். "அப்ப கெட்டியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, வந்த வேலை என்ன என்று சொல்லாமலே போய்விட்டார். வந்த வேலையே அதுதான் என்று எனக்குப் புரிய ஒரு நாள் பிடித்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தகப்பன் மகனுக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்டாட்டியின் குழம்பை அம்மாவின் குழம்போடு ஒப்பிடாதே, மாமனார் வீட்டில் மூன்று நாளைக்கு மேல் தங்காதே, கோபம் வந்தால் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வா. இதையெல்லாம் என் அப்பா எனக்குச் சொன்னார். அவர் ரயில்வேயில் ஃபிட்டர்; எதையும் இறுக்கி முடுக்கினால் நிற்கும் என்று நம்பியவர். நானும் அவர் சொன்னபடி நடந்தேன். அதனால் ரங்கூனில் நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாலு தெருவுக்கு எனக்கு நல்ல மனிதன் என்று பெயர். அந்த நல்ல மனிதன் உனக்குச் செய்ததைத்தான் இப்போது எழுதப்போகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் அம்மா படித்தால் படிக்கட்டும். இதை உன்னிடம் கொண்டுவரும் லைங் தாயா பஸ்ஸில் எவனாவது படித்தாலும் படிக்கட்டும். மூடி வைப்பதில் எனக்கு இருந்த திறமை இதுவரை செய்தது போதும்.

நம் கடைக்கு மூன்று வகை வாடிக்கை. புத்த வீட்டுச் சிறுவர்களைத் துறவியாக மடத்துக்கு அனுப்பும் முன் ஒரு நாள் இளவரசனாக அலங்கரித்துக் குதிரையில் ஊர்வலம் விடுவார்களே, அந்த இளவரசன் உடைகள் நம்மிடம் வாடகைக்கு. நம் கோயில் அம்மனுக்குப் பாவாடை. மூன்றாவது வாடிக்கையைப் பற்றி நான் வீட்டில் பேசியதில்லை. மூன்றுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் ஜிகினா எடுப்பேன். தெய்வமோ இளவரசனோ மற்றவர்களோ இதுவரை அதைக் குறையாகச் சொன்னதில்லை.

உனக்கு ஏழு வயதிருக்கும். தோளில் இறக்கை மாதிரி எழும்பி நிற்கும் சிவப்பு இளவரசன் சட்டை ஒன்றைத் தைத்து மாட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் பையைக்கூட இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அப்பா, எனக்கு இது எப்பப்பா?"

"அது அவங்க வீட்டுப் பசங்களுக்குடா. நம்மாளுகளுக்கு இல்ல."

"ஒரே ஒரு தடவ. போட்டுட்டு உடனே கழட்டிடுறேன்."

"வாடகைத் துணி. அழுக்காயிடும். போய் கை கழுவு."

நீ அழவில்லை. போய்க் கை கழுவினாய். அந்தக் கழுவிய கையோடு திரும்பி வந்து நின்றதையும் நான் பார்த்தேன். தலையைக் குனிந்து மிஷினை மிதித்தேன்.

ஒன்பது வயதில் ரயில்வே மேம்பாலப் படியில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாய். கூடியபோது இடது தோள் அரை அங்குலம் கீழே நின்றுவிட்டது. அன்றிலிருந்து உனக்குத் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் இடது தோளுக்குள் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு வைத்தேன். என் மகனை யாரும் கோணல் என்று சொல்லிவிடக் கூடாது. அதைப் பாசம் என்றுதான் அப்போது நினைத்தேன். பாசமாகவே இருக்கலாம். ஆனால் உனக்கும் எனக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாராவது சுருக்கமாகக் கேட்டால், அந்தத் திண்டைக் காட்டினால் போதும்.

இனி மூன்றாவது வாடிக்கை. எண்பத்தெட்டில் ஊர் கொந்தளித்து, பட்டாளம் அதை அடக்கிய பிறகு, ஐந்து பேருக்கு மேல் ஓர் இடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மழைக்குக் கூரையடியில் ஒதுங்கியவர்கள்கூட ஒருவரையொருவர் எண்ணிக்கொண்ட காலம். அதுவரை டோ கின்னும் அவர் கூட்டத்தாரும் வருடத்துக்கு ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி, வேஷம் கட்டி, ஆடிப் பாடிக் கலைவார்களாம். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள், ஆணை விரும்பும் ஆண்கள், இவர்களோடு சும்மா சிரிக்க வந்த இரண்டொருவர். டோ கின்னின் அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால், பெண்ணுக்குச் சொல்லும் 'டோ' இல்லாமல், 'ஊ' என்று ஆண் மரியாதைதான் இருக்கும். அட்டையைத் தவிர வேறு யாரும் அவரை அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. உத்தரவுக்குப் பிறகு வீட்டு மாடி முடியாமல் போனது. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை என்பதை டோ கின் கண்டுபிடித்தார். எண்பத்தொன்பது டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸுக்கு முன்னால் யாத்திரைக் குழு என்று துணி கட்டிக்கொண்டு கியாக்தானுக்குப் புறப்பட்டார்கள். அங்கே ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பகோடாவை உண்மையாகவே கும்பிட்டார்கள், கெளுத்தி மீன்களுக்குப் பொரி போட்டார்கள். அதன் பிறகு இரண்டு படகில் ஏறி ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் போனார்கள். கடற்கரை என்று நான் சொல்வது மரியாதைக்கு. பாதி மணல், பாதி சேறு, நாலைந்து மீனவக் குடிசை, காயும் மீனின் வாசம். அதைவிட நல்ல கடற்கரைகளுக்கெல்லாம் அப்போது சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது, வெள்ளைக்காரன் விட்டுப்போனது. சூரியன் மறைந்ததிலிருந்து மறுபடி உதிக்கும் வரை, முகத்தை மூடிக்கொண்டோ வேஷத்திலோ இருப்பவன் தகுந்த காரணம் சொல்ல முடியாவிட்டால் பிடித்துக்கொண்டு போகலாம். வெள்ளைக்காரன் திருடனை நினைத்து எழுதியிருப்பான். நம்மவர்கள் அதற்கு நல்ல உபயோகம் கண்டுபிடித்தார்கள். ஆகவே உலகத்தில் எங்கும் இல்லாத வழக்கமாக, டோ கின்னின் வேஷத் திருவிழா காலை பத்து மணிக்குத் தொடங்கி, சூரியன் மறையும் முன் முடிந்துவிடும். ஐந்து மணிக்கு ஒருவர் அலுமினியச் சட்டியைக் கரண்டியால் தட்டுவார். அரைமணி நேரத்துக்குள் ராணிகளெல்லாம் முகம் கழுவி, லுங்கி கட்டி, குமாஸ்தாக்களாகவும் கண்டக்டர்களாகவும் படகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொண்ணூறாம் வருடம் டோ கின் என்னிடம் உடை தைக்க வந்தது அதனால்தான். "அழகா தைக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, சயாஜி. சீக்கிரம் கழட்டற மாதிரி தைக்கத்தான் ஆள் இல்ல." நான் அதில் கெட்டிக்காரனானேன். பின்பக்கம் கொக்கிகளுக்குப் பதிலாக ஒரே நாடா. இழுத்தால் மொத்தமும் அவிழும். தோளிறக்கைகள் தனி, பாவாடை தனி, எல்லாம் இடுப்பில் ஒரு முடிச்சு. எந்த உடையும் அரை நிமிடத்தில் கழன்றுவிடும். சட்டத்துக்கு இவ்வளவு பொருத்தமாகத் தைத்த தையல்காரன் ரங்கூனில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். ஒவ்வொரு டிசம்பரும் நானும் கூடப் போனேன். ஊசி, நூல், கத்தரிக்கோல், சரியாக ஓடும் கைக்கடிகாரம். சட்டி தட்டும் வேலையும் எனக்கே வந்தது. வீட்டில் கியாக்தானில் ஒரு நேர்த்திக்கடன் என்று சொல்வேன். உன் அம்மா ஒவ்வொரு வருடமும் எனக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

அந்த நாட்களைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீ ஒரே ஒரு முறைதான் போனாய், அது எப்படி முடிந்தது என்று இருவருக்கும் தெரியும். நடுவர்கள் மீன் காயவைக்கும் மூன்று பெண்கள். பரிசு, நான் தட்டும் அதே சட்டி. ஒரு வருடம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன்னுடைய தலைமையாசிரியை வேஷத்தில் வந்தார். அதே கொண்டை, அதே கைப்பை, அதே இருமல். இடுப்பளவு ஜரிகையில் ராணியாக வந்திருந்த டோ கின்னுக்குத் தாங்கவில்லை.

"இது வேஷமே இல்ல. இது பழி வாங்கறது," என்றார்.

"அதுக்குத்தான் சட்டி," என்றாள் நடுவர்களில் மூத்தவள். "உன்னோடது சும்மா அழகுதானே."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த வாரம் கோயில் கமிட்டியில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒருவர் 'அந்த மாதிரி ஆளுங்க' என்று ஆரம்பித்து நடையைக் காட்டி நடித்தார். அங்கேயும் சிரித்தேன். கடற்கரையில் சிரித்த அதே வாய். ஆட்களைப் பற்றி எனக்கென்ன, நான் அளவுகளோடு பழகுகிறவன் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பதின்மூன்று வருடம் அந்த விளக்கம் கிழியாமல் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று நவம்பரில் டோ கின் அந்த வருடத்து அளவுச் சீட்டுகளைக் கொண்டுவந்தார். கடைசிச் சீட்டைத் தனியாகக் கொடுத்தார். பெயர் இல்லை. இளவரசன் உடை என்று மட்டும் எழுதியிருந்தது. மார்பு, இடுப்பு, கை நீளம். அதற்குக் கீழே: இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.

தையல்காரனுக்கு அது புகைப்படம் மாதிரி. நான் தலையைத் தூக்கவில்லை.

"தைப்பீங்களா, சயாஜி?"

"தைக்காம? இதென்ன புதுசா?"

"இல்ல, இந்தப் பையன் முதல் தடவ வரான். நீங்க அங்க இருப்பீங்கன்னு தெரிஞ்சுதான் வரான். அதனால கேட்டேன்."

நீ எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததை, எனக்குப் புரிகிற ஒரே மொழியில், அங்குலக் கணக்கில் எழுதி அனுப்பியிருந்தாய். நீ கேட்டது பெண் வேஷம்கூட இல்லை. ஏழு வயதில் நான் அழுக்காகிவிடும் என்று சொன்ன அதே சட்டைதான். இருபது வயதில் அதைப் போட்டுக்கொண்டு, நான் சட்டி தட்டும் கடற்கரையில், என் முன்னால் வந்து நிற்கப்போகிறாய். அதற்கு மேல் ஒரு மகனால் என்ன செய்ய முடியும்?

நான் செய்தது இது. உடையைத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் தைத்ததில்லை. நாடா வைக்க வேண்டிய பின்பக்கத்தில், உள் மடிப்புக்குள், செருப்புத் தைக்கும் நூலை இரட்டையாக்கி மெழுகு தேய்த்து, உடுத்தியவுடன் இழுத்து முடிச்சிட்டால் தானே இறுகிக்கொள்ளும்படி சுருக்குத் தையல் போட்டேன். நாடா மேலே சும்மா தொங்கும். அதை இழுத்தால் கையோடு வரும். சட்டை வராது. கத்தரிக்கோல் இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது. பிறகு யாத்திரை நாளன்று காலையில் எனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். கத்தரிக்கோலும் என்னோடு வீட்டில் படுத்துக்கொண்டது.

உன்னைப் பிடித்துக்கொடுக்க நினைத்தேனா என்று கேட்பாய். இல்லை. சூரியன் இறங்கும்போது உடை கழலாமல் நீ பயப்பட வேண்டும், கொஞ்சம் அழ வேண்டும், இனி அந்தப் பக்கமே போகக் கூடாது. அவ்வளவுதான் என் திட்டம். அந்தக் கரையின் காவல் சாவடிக்காரர்கள் வருடா வருடம் கண்டுகொள்ளாமல் இருந்தவர்கள், அந்த வருடமும் இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த வருடம் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கடமையுணர்ச்சி உள்ளவர் என்று பிறகு சொன்னார்கள்.

அன்று நடந்ததை நீ எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. டோ கின் சொல்லித்தான் தெரியும். நீ இளவரசன். உனக்குக் குதிரை தூரா. லைங் தாயா தொழிற்சாலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், பழைய டிக்கெட்டுகளை ஊறவைத்து அரைத்து, ஒரு குதிரைத் தலை செய்து மாட்டிக்கொண்டு வந்தான். அவன் தோளில் ஏறி நீ ஊர்வலம் போனாய். நடுவர்கள் மூவரும் ஒருவர் பேச்சுக்கு மறுபேச்சில்லாமல் சட்டியை உங்களுக்குக் கொடுத்தார்கள். சட்டி தட்டிய பிறகும் நீ இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று உடையிலேயே நின்றாயாம். பிறகு நாடாவை இழுத்தாய். கையோடு வந்தது. படகுகள் நிரம்பின. தூரா உன்னைத் திருப்பி நிற்கவைத்து, அந்த மெழுகு நூலைப் பல்லால் கடித்துக் கடித்து அறுத்தான். சட்டை கழன்றதும் உன்னைப் படகுக்குத் தள்ளிவிட்டு, சட்டையை மீன்காரி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, குதிரைத் தலையை எடுக்கப் போனான். சூரியன் மறைந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. வானத்தில் சிவப்புகூட போகவில்லை. நீ படகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புதியவர் அவனைப் பிடித்தார்.

முகத்தை மூடும் பொருளோடு, அஸ்தமனத்துக்குப் பிறகு, தகுந்த காரணம் சொல்லாமல் இருந்தான் என்பது அவன் மீதிருந்த புகார். தகுந்த காரணமாக அவன் என்ன சொல்லியிருக்க முடியும்? நான் குதிரை, என் இளவரசன் படகில் போய்விட்டான் என்றா? ஆறு மாதம் உள்ளே இருந்தான்.

மறுநாள் காலையில் நீ சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். "காய்ச்சல் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். பரவாயில்லை என்றேன். அதற்குப் பிறகு இந்த ஏழு வருடத்தில் நாம் பேசிய பேச்சில் அதைவிட நீளமானது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியே வந்த தூரா ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தான். நீ வேலைக்குப் போயிருந்தாய். ஆள் பாதியாக இருந்தான். மீன்காரியிடம் வாங்கிவந்த இளவரசன் சட்டையை மேசையில் விரித்தான்.

"சயாஜி, இத எங்க பஸ்ஸுல வர தையல் பொண்ணுங்ககிட்ட காட்டினேன். பழைய சிநேகிதங்க. இது மறதி இல்ல, யாரோ வேணும்னே போட்டதுன்னு சொல்றாங்க."

சட்டையை மடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"குமார்கிட்ட சொல்லமாட்டேன். அவன் கண்ணாடி பாத்துக்கிட்டு நேரத்த விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்படியே நெனச்சுக்கட்டும். அவனுக்கு அப்பான்னு ஒருத்தர் வேணும்ல."

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். மலேசியாவுக்குப் போகிறான். கிள்ளான் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறை, அவனுடைய அண்ணன் முறைக்காரர் ஒருவர் வேலை செய்யும் இடம். "இத அவன்கிட்ட குடுத்துருங்க. வரணும்னு இல்ல. உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

கொடுக்கிறேன் என்றேன். அந்தக் காகிதத்தைப் பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஆறு வருடமாக நீ அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இருந்தாய். நான் ஒவ்வொரு முறை பட்டன் எடுக்கும்போதும் தெரிந்துகொண்டேன்.

திருவிழாவின் மிச்சக் கதையையும் எழுதிவிடுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை. தூராவைப் பிடித்த பிறகு இரண்டு வருடம் யாத்திரை பகோடாவோடு திரும்பியது. அப்புறம் மறுபடி படகு ஏறினார்கள், பாதிப் பேராக. இரண்டாயிரத்து எட்டு புயலில் அந்தக் கரையே போய்விட்டது. குடிசைகள் போயின. நடுவர் மூவரில் இருவர் போயினர். போன வருடம் டோ கின் ஏழு பேரோடு போய்ப் பார்த்தார். மணலும் இல்லை, சேறுதான். யாரும் வேஷம் கட்டவில்லையாம். மிஞ்சிய நடுவர் அம்மாவுக்கு அந்தச் சட்டியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவளிடம் சமைக்கப் பாத்திரம் இல்லாமல் இருந்ததாம். அவ்வளவுதான். இருபது வருடத்துக் கதையின் கடைசிப் பரிசு.

இந்த வருடம் உன் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தபோது நீ சொன்ன வார்த்தையை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். "என்னால ஒருத்தன் வாழ்க்கை போச்சும்மா. என் வாழ்க்கை உங்களுக்காவது உபயோகமா இருக்கட்டும்." உன் அம்மா நீ வேலையிடத்து விஷயம் ஏதோ சொல்கிறாய் என்று நினைத்து, சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சாமிப் படத்துக்கு விளக்கேற்றினாள். நான் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

குமார், உன்னால் யார் வாழ்க்கையும் போகவில்லை. நீ ஐந்து நிமிடம் அல்ல, ஐந்து மணி நேரத்துக்கு முன்பே நாடாவை இழுத்திருந்தாலும் அது கையோடுதான் வந்திருக்கும். நீ செய்யாத தப்புக்கு ஏழு வருடம் தண்டனை அனுபவித்துவிட்டு, இப்போது மிச்ச ஆயுளையும் அதில் கட்டப் பார்க்கிறாய். கூடவே உன்னை நம்பிக் கழுத்தை நீட்டும் செல்வியின் ஆயுளையும். அவள் என்ன பாவம் செய்தாள்? இந்தக் கல்யாணத்தை நிறுத்து. என்னிடம் இருக்கும் ஒரே புத்திமதி இதுதான்.

ஊருக்கு என்ன சொல்வது என்று கவலைப்படாதே. மாப்பிள்ளையின் அப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல். கோயில் கமிட்டி உடனே நம்பும். அவர்களில் சிலர் இதை வெகுநாளாக எதிர்பார்க்கிறார்கள். உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். அவள் என்னை மன்னிக்க மாட்டாள். மன்னித்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் செல்வியிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அதுவும் உனக்குத் தெரியாமல் நான் போட்ட இன்னொரு தையலாகிவிடும். அவள் புத்திசாலி. கார்மெண்ட் ஃபேக்டரியில் செக்கர் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். போன ஞாயிற்றுக்கிழமை ரவிக்கை அளவுக்கு வந்தவள் உன் சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "மாமா, இன்னும் கச்சாத் தையலாவே இருக்கு. எப்ப கெட்டித் தையல் போடப் போறீங்க?" என்றாள். மாப்பிள்ளை போட்டுப் பார்த்த பிறகு என்றேன். சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அவருக்கு இதுல இஷ்டம்தானே மாமா?" என்று கேட்டாள். எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். சட்டையைப் பற்றிப் பதில் சொன்னேன்.

தூராவின் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அந்த முகவரியில் இன்று யார் இருக்கிறார்கள், யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவன் உனக்காகக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ஆறு வருடம் பதில் வராதவன் என்ன நினைத்திருப்பான் என்று நீயே யோசி. அந்த நினைப்பையும் நான்தான் தைத்தேன். இளவரசன் சட்டை இன்னும் கடையில் இருக்கிறது. அதையும் அனுப்பலாம் என்று எடுத்து அளந்து பார்த்தேன். உனக்கு இப்போது அது பத்தாது. இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு அதிக நேரம் பிடித்த வரி அதுதான்.

கல்யாணச் சட்டை பெட்டியில் இருக்கிறது. இடது தோளில் திண்டு வைக்கவில்லை. தோள் எப்படி இருக்கிறதோ அப்படியே வெட்டியிருக்கிறேன். கெட்டித் தையல் எங்கேயும் போடவில்லை, எல்லாம் தற்காலிகக் கச்சாதான். கழுத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை நூல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது மறதி இல்லை. அதைப் பிடித்து இழு. மொத்தச் சட்டையும் அரை நிமிடத்தில் கழன்று கையில் வந்துவிடும். கத்தரிக்கோல் வேண்டாம். யாரும் பல்லால் கடிக்கவும் வேண்டாம்.

உன் அப்பா